ஒரு முஷ்டி இடைவெளி: புத்தளத்திலிருந்து எத்தாளை வரை

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்குத் தில்லையடி வீட்டிலிருந்து புறப்பட்டோம். முன்னால் மருமகன் ரிஸ்வியின் வான். அதன் கொக்கியில் மாட்டியபடி பின்னால் வந்தது வீட்டுப் பெட்டி. உழவு மெசின் இழுத்துப் போவதை எங்கள் பக்கத்தில் பெட்டி என்றுதான் சொல்வோம். ஆனால் இது சாமான் ஏற்றும் பெட்டி இல்லை. உள்ளே உயரமான கட்டில், சமைக்க ஒரு சின்னக் குசினி, கதிரையில் இருப்பதுபோல் இருக்கக்கூடிய கக்கூஸ், ஜன்னலுக்கு நான் தைத்த திரைச்சீலை எல்லாம் உண்டு. கற்பிட்டிக் கடலில் சறுக்கி விளையாட வந்த வெள்ளைக்காரர் யாரோ விட்டுவிட்டுப் போனதாம். சிலாபத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் கறள் பிடித்துக் கிடந்ததை ரிஸ்வி பார்த்து வாங்கினார்.

எல்லாம் என் வீட்டுக்காரருக்காகத்தான். இரண்டு வருடத்துக்கு முன் கூரையில் ஓடு மாற்றும்போது விழுந்து, முதுகில் ஒப்பரேஷன் செய்தவர். அரை மணித்தியாலத்துக்கு மேல் கதிரையில் இருக்க மாட்டார், குந்தவே முடியாது. எத்தாளையில் இருக்கும் அவருடைய ராத்தா, அதாவது அக்கா, ஹபீபா எனக்கு மதினி. அவவின் வீட்டில் குந்தும் கக்கூஸ்தான். இன்னொருவர் தன்னைத் தூக்கி எழுப்பும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று இரண்டு வருடமாக வாசலைத் தாண்டவில்லை. ராத்தாவுக்கு எண்பது வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டதால் அவவும் வர முடியாது. போனில் கதைத்து, போனிலேயே அழுவார்கள்.

புறப்படுமுன் அவர் சொன்னது இதுதான்.

"இந்த ஒரு தரம் வாரன். வழியில ஏதும் கஷ்டப்பட்டா திருப்பிக் கொண்டாந்து வீட்ட விட்டிரணும். அதுக்குப் பொறகு ஒருத்தரும் என்ன வெளிய வாங்க என்டு கூப்பிடக்கூடாது."

ரிஸ்வி "ஓம் மாமா" என்றார். நஸீரா, எங்கள் மகள், என்னைப் பார்த்தாள். நான் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, பெட்டியை எடுத்துவரச் சிலாபத்துக்கு நானும் போயிருந்தேன். மெத்தைக்கு அளவெடுக்க வேண்டும் என்று நஸீரா கூட்டிப்போனாள். மீன் சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கராஜ். எத்தாளையில் மதினி வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுக்க மணல். பெட்டியின் அடிப்பக்கம் தட்டும் என்று ரிஸ்வி சொன்னதால், பழைய டயர்களைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுப் பெரிய டயர் போட்டார்கள். டயருக்கும் மேலே உள்ள மட்காட் தகட்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தது. கராஜ்காரர் விரலை வைத்துக் காட்டி, "ஹரி, ப்ரஷ்னயக் நே" என்றார். ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

பெட்டி வெறுமையாக நின்றது. தண்ணீர் இல்லை, அரிசி இல்லை, ஆள் இல்லை. சீமெந்துத் தரையில் கண்ணாடி மாதிரி சமமாக நின்ற பெட்டியில் அளந்தார்கள்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபிறகு பதினொரு வருடம் நான் உப்பளத்தில் வேலை செய்தவள். உப்பை அள்ளிப் பெட்டியில் ஏற்றி முடிந்ததும், வண்டி கிளம்புமுன் டயருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பெண் முஷ்டியை விட்டுப் பார்க்க வேண்டும். முஷ்டி போகாவிட்டால் இரண்டு கூடை இறக்கிவிடுவோம். எங்கள் கூட்டத்தில் பெரிய கை என்னுடையது. ஆகவே பதினொரு வருடமும் அந்த முஷ்டி என்னுடையதாகத்தான் இருந்தது. ஏற்றிய பிறகுதான் அளவு. ஏற்றுமுன் அளப்பது அளவே இல்லை.

இது எனக்குத் தெரியும். ஆனால் கராஜில் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். பாதிக் கதை சிங்களம். நான் மாமி வேறு. எங்கள் வீடுகளில் மாமி மருமகனோடு நேரே நின்று கதைப்பது குறைவு, அதுவும் பிற ஆட்கள் முன்னால் இல்லவே இல்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மெத்தைக்கு அளவெடுத்தேன். அது என் பிழை. எழுதும்போது மறைக்கக் கூடாது.

ஆறு நாற்பதுக்குப் பாலாவிச் சந்தி. இங்கேதான் கொழும்பு ரோட்டை விட்டுக் கற்பிட்டி ரோட்டில் திரும்ப வேண்டும். உப்பளம் இரண்டு பக்கமும் வெளுத்துக் கிடந்தது. தென்னோலைக் கிடுகு போர்த்திய உப்புக் குவியல்கள். ஆட்களை ஏற்றியபடி பெட்டியை இழுத்து ஓடக்கூடாது என்பதால், அவரை வானின் முன் சீட்டில், சீட்டை முடிந்தவரை சாய்த்து, பெல்ட் போட்டு வைத்திருந்தோம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிற்பாட்டி, பெட்டிக்குள் கட்டிலில் பத்து நிமிடம் நீட்டி நிமிர்ந்து படுப்பார். பாலாவியில் அது முதல் நிற்பாட்டு. பிளேன்டீ ஒன்று ஐம்பது ரூபா, மீன் பணிஸ் நூற்றிருபது. கடைக்காரர் ஜன்னல் திரையைப் பார்த்து, "உள்ள யாரு, பொண்ணு மாப்பிளையா?" என்று கேட்டார். நஸீரா சிரித்தாள்.

உள்ளேயிருந்து அவர், "கிழட்டு மாப்பிள. சீனி கொறச்சுப் போடச் சொல்லு" என்றார்.

இரண்டு வருடத்தில் அவர் கடைக்காரர் ஒருவரோடு கதைத்தது அன்றுதான். திரைக்குப் பின்னால் இருந்துதான், இருந்தாலும் கதைத்தார்.

பாலாவி தாண்டினால் காற்று மாறும். வலது பக்கம் களப்புக் கடல், இடது பக்கம் தென்னையும் வெங்காயப் பாத்தியும் மாறி மாறி. பிறகு காற்றாலைகள் தெரியும். மூன்று இறக்கையும் அவசரமில்லாமல் சுற்றும். அப்புறம் நுரைச்சோலை மின் நிலையத்தின் புகைபோக்கி, எவ்வளவு போனாலும் பக்கத்தில் வராதது போல் நிற்கும். ரோடு நல்ல கார்ப்பெட் ரோடு. ஆனால் மதகு வரும் இடங்களில் ஒரு தூக்கு தூக்கிப் போடும். ஒவ்வொரு மதகிலும் பின்னால் 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். நஸீரா ரேடியோவைக் குறைத்தாள்.

ஏழு ஐம்பதுக்கு ரப்பர் எரியும் மணம் வந்தது.

ரிஸ்வி ஓரத்தில் நிற்பாட்டி இறங்கி ஓடினார். பிரேக்கைப் பார்த்தார், எக்ஸலைத் தொட்டுப் பார்த்தார், கையை உதறினார். இடது டயரில் இருந்து மெல்லியதாகப் புகை. டயரின் மேல் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று உரசிய தடம்.

"என்ன மணம்?" என்று அவர் வானுக்குள்ளிருந்து கேட்டார்.

"ஒண்டுமில்ல மாமா."

"ஒண்டுமில்லாம ரப்பர் எரியுமா? நான் சொன்னன்தானே. திருப்பு. வீட்ட போவம்."

நான் இறங்கினேன். முஷ்டியைக் கொண்டுபோனேன். முஷ்டி எங்கே போகிறது? வலது பக்கம் இரண்டு விரல் போனது, இடது பக்கம் ஒரு விரல்தான். இடது பக்கம்தான் கட்டிலுக்குக் கீழே தண்ணீர்த் தாங்கி. நூற்றைம்பது லீற்றர் பிடிக்கும், நஸீரா வாய் வரை நிரப்பியிருந்தாள். அதன் மேல் மதினிக்கு என்று ஒரு மூட்டை அரிசி.

நான் நஸீராவிடம், "பாரம் பதிஞ்சு டயர் தகட்டில முட்டுது. தண்ணியத் தொறந்து விடச் சொல்லு" என்றேன்.

நஸீரா திரும்பி, "உம்மா சொல்றா, தண்ணியத் தொறந்து விடட்டாம்" என்றாள். ரிஸ்வி எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார், எட்டினால் தோளில் கை படும்.

"தண்ணிக்கும் டயருக்கும் என்ன என்டு கேளுங்க."

"தண்ணிக்கும் டயருக்கும் என்னவாம் உம்மா?"

ஒரு மீன் லொறி எங்களை முந்திக்கொண்டு போனது. வானுக்குள் அவர் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. இப்படியே கதையைக் கைமாற்றிக்கொண்டு நின்றால் அவர் நடந்தாவது திரும்பிப் போவார்.

"ரிஸ்வி மகன்," என்றேன். "நூத்தம்பது லீற்றர் என்டா நூத்தம்பது கிலோ. இடது பக்கம் மட்டும். வெறும் பெட்டியில அளந்தாங்க, அதான் இது. தண்ணிய விடுங்க, அரிசிய வலது பக்கம் தூக்கி வைங்க. மெதுவாப் போனா முட்டாது."

மருமகன் குனிந்து தாங்கியின் திருகைத் திறந்தார். தண்ணீர் ரோட்டு ஓரத்தில் ஓடியது. பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, ஒரு விரல் மூன்று விரலானது.

நான் வானின் ஜன்னலுக்குப் போனேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, "திரும்பச் சொன்னன்" என்றார்.

"திரும்புற ரோட்டும் இதே ரோட்டுத்தான். அதே மதகுதான். இருவது கிலோமீற்றர் பின்னால போறதுக்கு மூணு கிலோமீற்றர் முன்னால போவம். அங்க பெட்டி செய்யிற பாஸ் ஒராள் இருக்காராம்."

அவர் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.

எட்டு நாற்பதுக்குச் சபீக் பாஸின் பட்டறையை அடைந்தோம். மரவேலை, இரும்புவேலை மேஸ்திரியை இங்கே பாஸ் என்போம். தகரக் கொட்டில், முன்னால் ஒரு வேப்ப மரம், சுற்றிவர உழவு மெசின் பெட்டிகள் மூக்குக் குத்திக் கிடந்தன. வெங்காயக் காலம், ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள் காத்திருந்தார்.

பாஸ் எங்கள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "இது வீடா, வண்டியா?"

"வீட்டுக்கு டயர் போட்டா ரெண்டுந்தானே" என்றார் ரிஸ்வி.

பாஸ் தரையில் மல்லாக்கப் படுத்து உள்ளே போனார். வெளியே வரும்போது தாடியில் மணல். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். பெரிய டயர் போட்டால் பெட்டி நிலத்திலிருந்து உயரும், அது சரி. ஆனால் டயருக்கும் தகட்டுக்கும் இருக்கிற இடம் குறையும். அந்த இடத்தைத் தருவது டயர் இல்லை, ஸ்ப்ரிங். எங்கள் பெட்டியின் ஸ்ப்ரிங் பட்டைகள் கிழண்டு, வளைவு போய், நேராகக் கிடந்தன. போதாததற்கு எக்ஸல் ஸ்ப்ரிங்குக்கு மேலே ஏறி இருந்தது. அதைக் கழற்றி ஸ்ப்ரிங்குக்குக் கீழே போட்டால் பெட்டி அப்படியே ஐந்து அங்குலம் எழும்பும். ஒவ்வொரு பக்கமும் ஒரு புதுப் பட்டை சேர்த்தால் பாரத்துக்குப் பதியாது, ஆட்டமும் குறையும்.

"தகட்ட வெட்டி விட்டா லேசுதானே?" என்றார் ரிஸ்வி.

"வெட்டலாம். வெட்டினா டயர் கக்கூசுக்குள்ள வரும். யாரு உள்ள இருக்கிறது?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா, அசர் தொழுகைக்குள் முடித்துத் தருவதாகப் பேச்சு.

பெட்டியை ஜக் வைத்துத் தூக்கியதும் அவர் படுப்பதற்கு இடமில்லை. மெத்தையை வேப்ப மரத்துக்குக் கீழே போட்டோம். பத்துப் பன்னிரண்டு ஆண்களுக்கு முன்னால், பட்டப்பகலில் படுப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மரத்தின் அடியைப் பார்த்தபடி, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு படுத்தார். வெள்ளைத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்து பனையோலை விசிறியால் விசிறினேன்.

பதினொரு மணிக்கு வெல்டிங் சத்தம் தொடங்கியது. பழைய யூ போல்ட் ஒன்று எவ்வளவு அடித்தும் கழரவில்லை. கடைசியில் அறுத்தார்கள். தொப்பிக்குக் கீழேயிருந்து அவர், "எண்ண போட்டு அரை மணித்தியாலம் விட்டிருந்தா கழண்டிருக்கும்" என்றார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பிப் படுத்தார். ஒரு மணிக்குச் சோற்றுப் பார்சல் வந்தது, ஒன்று நானூறு ரூபா, சூடை மீன் பொரியலும் பருப்பும். அப்போது வெங்காயக்காரர் ஒருவர் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, தன் முதுகு வலியைப் பற்றி முழு வரலாறும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் இடையில் வெட்டி, "உமக்கு அது வாய்வு. எனக்கு எலும்பு" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

இரண்டு மணிக்கு எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. பெட்டி ஐந்து அங்குலம் எழும்பினால் அதன் படியும் ஐந்து அங்குலம் எழும்புமே. அவர் காலை அவ்வளவு உயரம் தூக்க மாட்டார். யாருக்காக இத்தனையும் செய்தோமோ அவரே ஏற முடியாத பெட்டியாகிவிடும். இந்த முறை நஸீராவைத் தேடவில்லை. பாஸிடமே போனேன்.

"தம்பி, படி?"

பாஸ் படியைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். அரை மணித்தியாலத்தில் ஆங்கிள் இரும்பில் இன்னொரு படியும், பிடிக்க ஒரு குழாயும் ஒட்டித் தந்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. வானின் கொக்கித் தட்டையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டார், இல்லாவிட்டால் உயர்ந்த பெட்டி பின்னால் சாய்ந்து நிற்குமாம்.

மூன்று மணிக்கு, "முடிஞ்சுது, எடுங்க" என்றார்.

"இன்னும் அளக்கல்ல" என்றேன்.

"அளந்தன் உம்மா. பத்து விரலுக்கு மேல இருக்கு."

"வெறும் பெட்டியில."

பாஸ் என் முகத்தைப் பார்த்தார். "உப்பளத்தில இருந்தீங்களா?"

"பதினொரு வருசம்."

"அப்ப நான் கதைக்கல்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் ஏறுங்க! டிக்கட் இல்ல, கற்பிட்டி வரைக்கும் சும்மா!"

கிணற்று மோட்டரில் தாங்கியை நிரப்பினார்கள். அரிசி ஏறியது. வெங்காயக்காரர்கள் ஏழு பேர் ஏறினார்கள். ஒருவர் குசினியைப் பார்த்து, "கறி இல்லையா?" என்று கேட்டார். இடது டயரை மட்டும் ஒரு தடித்த பலகையில் ஏற்றினார்கள், மதகில் ஏறும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க. நான் குனிந்தேன். அத்தனை ஆண்களும் என் கையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கை போகுமுன் பின்னால் ஒரு குரல்.

"கட்டில்ல படுக்கிற ஆள் நான். என்ன ஏத்தாம என்ன அளவு அளக்கிறீங்க?"

அவர் எழும்பி நின்றுகொண்டிருந்தார். நஸீராவின் தோளைப் பிடித்து நடந்து வந்தார். படியருகில் வந்ததும் தோளை விட்டார். குழாயைப் பிடித்தார், கீழ்ப் படி, மேல் படி. ஒருவரும் தூக்கவில்லை. ஏழு பேரும் ஒதுங்கி வழி விட, போய்க் கட்டிலில் நீட்டிப் படுத்தார்.

உள்ளேயிருந்து, "ஒரு மூட்ட உப்பு ஏறியாச்சு. இப்பப் பாருங்க" என்றார்.

முஷ்டி போனது. சுற்றித் திருப்பவும் முடிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். உரக்கத்தான் சொல்லியிருக்கிறேன் போல, பாஸ் கை தட்டினார்.

மூன்று நாற்பதுக்குப் புறப்பட்டு நாலரைக்கு எத்தாளை. வீட்டு வாசலிலிருந்து மீட்டர் முப்பத்தாறு காட்டியது. முப்பத்தாறு கிலோமீற்றருக்கு ஏறக்குறையப் பத்தரை மணித்தியாலம். மதகுகளில் சத்தமில்லை, காலையில் மாதிரித் தூக்கிப் போடவும் இல்லை. கடைசி மணல் ஒழுங்கையில் பெட்டி படகு மாதிரி அசைந்து வந்தது, அடி தட்டவில்லை. மதினி வேலியோரம் கதிரை போட்டு இருந்தார். காலையிலிருந்து இருந்தாராம். இவர் இறங்கி, பத்தடி நடந்து, அவவின் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதினி அவருடைய முகத்தைத் தடவி, "மெலிஞ்சு போயிட்டாய் தம்பி" என்றார். இவர், "நீங்க மட்டும் கொழுத்தா இருக்கீங்க" என்றார். போனில் அழுத அளவுக்கு நேரில் அழவில்லை. கதைக்கத்தான் நேரம் போதவில்லை.

இரண்டு நாள் நின்றோம். ஞாயிறு பின்னேரம் கடற்கரை வரை பெட்டியை இழுத்துப் போனோம். உச்சமுனைப் பக்கத்துப் படகுகள் வடக்கே போவதை அவர் கட்டிலில் படுத்தபடி ஜன்னலால் பார்த்தார். திரையைத் தானே விலக்கி வைத்திருந்தார். போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்த்து ஸலாம் சொன்னார்கள், இவரும் படுத்தபடியே பதில் சொன்னார். எங்கள் தில்லையடி வீட்டிலும் தெருப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது. இரண்டு வருடமாகச் சாத்தியே கிடக்கிறது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரும்ப ஆயத்தம். எட்டு மூட்டை வெங்காயம், ஒரு பெட்டகம் கருவாடு, முப்பது தேங்காய் ஏறியது. நான் குனிந்து பார்த்தேன், முஷ்டி போனது. அப்போது மதினி உள்ளேயிருந்து தடியை ஊன்றி வந்தார். அவர் பின்னால் இரண்டு பை, ஒரு மெத்தை, ஒரு அம்மி.

"நானும் வாரன். ஒரு மாசம் நிக்கிறன். அந்தக் கக்கூசில இருந்து பாத்தன், முழங்கால் நோவல்ல."

"அம்மி எதுக்கு ராத்தா?" என்றார் இவர்.

"உன்ட பொண்டாட்டியிட அம்மி வழுக்குது. நான் எத்தன தரம் சொல்றது."

எல்லாம் ஏறியபின் மறுபடி முஷ்டியைக் கொண்டுபோனேன். விரல் கணுவோடு நின்றுவிட்டது. ரிஸ்வி என் பக்கத்தில் வந்து குனிந்தார். நஸீராவைக் கூப்பிடவில்லை.

"மாமி, என்ன செய்வம்?"

"வெங்காயம் ஒரு மூட்ட இறங்கட்டும். அம்மி வரட்டும். தண்ணியத் தொறந்து விடுங்க."

ரிஸ்வி தாங்கியின் திருகில் ஒரு குழாயைப் பொருத்தி மதினியின் தேசி எலுமிச்சை மரத்தடியில் விட்டார். ஒரு மாதம் வீட்டில் ஆள் இல்லை, அதற்கும் தண்ணீர் வேண்டும்தானே. நான் கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். தண்ணீர் குறையக் குறைய, தகடு கணுவை விட்டு மெல்ல எழும்புவது தோலில் தெரிந்தது.

முன் சீட்டிலிருந்து அவர், "போதுமா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்."

பின் சீட்டில் மதினி களுக்கென்று சிரித்தார். கை முழுதாக உள்ளே போனது. எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பிஸ்மி சொல்லி எடுங்க மகன்" என்றேன்.